மிக்ஸர் பக்கத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் என் தாயாரை ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெரிய மண்டபம், நல்ல கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. சிறுவர் நாடகத்தில் ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு மைக். யார் வாயைத் திறந்தாலும் முதல் வாக்கியம் காற்றோடு போனது. இரண்டாவது வாக்கியத்தில்தான் குரல் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம் பேச வந்த சிறுமி என்ன சொன்னாள் என்பது அவளைப் பெற்றவர்களுக்காவது தெரிந்திருக்கும் என நம்புகிறேன்.

இடைவேளையில் எங்களுக்குப் பின்னால் மிக்ஸரில், அதாவது மைக்குகளின் ஒலியைத் திறந்து மூடி, கூட்டிக் குறைக்கும் கருவியின் முன், அமர்ந்திருந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். சீனர், பணிவானவர். அவர் முன்னே இருந்த நிகழ்ச்சி நிரல் முழுக்க முழுக்கத் தமிழில் இருந்தது! பிள்ளைகளின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் மைக்கைத் திறப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் திறந்தே வைத்தால் என்ன என்று கேட்டேன். பேசாத மைக்குகள் ஒலிபெருக்கியின் சத்தத்தை வாங்கி மறுபடியும் அதற்கே அனுப்பும், மண்டபமே ஊளையிடத் தொடங்கிவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரவேற்பு மேசைக்கு நான்கு தொண்டூழியர்களை நிறுத்துகிறோம். பன்னீர் தெளிக்க இருவர். மிக்ஸர் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் என்ன? அவர் கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள்: எந்த மைக்கை யார் பிடித்திருக்கிறார், அவருக்கு முன் பேசுபவரின் கடைசிச் சொல் என்ன. மைக்குகளில் வண்ண நாடா சுற்றிவிட்டால் "அடுத்து சிவப்பு" என்று சொன்னாலே போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

அந்த நாற்காலிக்காரருக்கு வேறு வேலைகளும் உண்டு. நம் மேடை வழக்கங்கள் வெளியாருக்குத் தெரியாதவை. சட்டையில் மைக் குத்தியிருக்கும் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி மாலையும் போடும்போது எழும் சத்தம், கூரை பெயர்ந்து விழுவது போலிருக்கும். பட்டுச்சேலை உரசுவதும் ஆரம் மோதுவதும் அப்படித்தான். மாலை வருகிறது என்று ஒரு நொடி முன்னால் சொல்ல ஒருவர் இருந்தால் மைக்கை மூடிவிடலாம்.

ஏற்பாட்டாளர்கள் ஒத்திகை நேரத்தைச் சுருக்குவது இன்னொரு சங்கடம். வாடகை மணிக்கணக்கில் ஏறுவதால், மேடை அலங்காரம் முடிந்தபின் மிஞ்சும் கால் மணி நேரமே ஒலிக்குக் கிடைக்கிறது. எஸ்பிளனேட் இசையரங்கைப் போல ஏற்றி இறக்கும் விதானமும் எதிரொலியைக் கட்டுப்படுத்தும் திரைகளும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. சிங்கப்பூர் எக்ஸ்போவில் ஒரு கூடமே ஏறத்தாழ 10,000 சதுர மீட்டர். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருப்பவரை அது எட்டப் பத்தில் ஒரு வினாடி ஆகும். அவர் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியோ கம்பி வழியாக உடனே பேசிவிடும். ஒரே சொல் இரண்டு முறை விழுந்து குழம்பும். பின்னால் இருக்கும் ஒலிபெருக்கிகளை அதே அளவு தாமதிக்கச் செய்ய அந்தக் கருவிகளில் வசதி உண்டு, அதைச் சரிபார்க்க நேரம்தான் வேண்டும். யாராவது கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேட்கவும் வேண்டும். என் தாயார் அன்று பாதியில் காதுக் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

திரையைப் பற்றி ஒன்று மட்டும். அன்று வாழ்த்துப்பா திரையில் வந்தபோது கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனித்தனியே நின்றன. சில இடங்களில் வெறும் கட்டங்கள். தயாரித்தவர் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். எழுத்துருவோடு சேர்த்து பிடிஎஃப் கோப்பாக மாற்றி, முதல் நாளே அங்குள்ள கணினியில் திறந்து பார்த்திருக்கலாம். தமிழுக்கு எடுத்த விழாவில் தமிழே உடைந்து நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இயந்திர ஞானம் கிடையாது, தமிழ் வாசிக்கத் தெரியும், சனிக்கிழமைகளில் வேலையும் இல்லை. அடுத்த நிகழ்ச்சியில் அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். என் தாயாருக்கு மட்டும் முன்வரிசையில் ஓர் இடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்