சலீமை, செல்வத்தை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்ததும் எனக்கும் நிம்மதி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் இரண்டு மாதமாக ஒரு கேள்விப் படிவத்தோடு மல்லுக்கட்டுகிறேன். முதியவர்களிடம், "உடம்பு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டு ஐந்து பெயர் வரை தட்டச்சு செய்யச் சொல்கிறோம். அந்தப் பெயர்களை வைத்துத்தான் மற்ற கேள்விகள். 1985-இல் அமெரிக்காவின் பொதுச் சமூக ஆய்வும், முக்கியமான விஷயங்களை யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டு, சொன்னவர்களில் முதல் ஐந்து பேரைப் பற்றித்தான் விவரம் கேட்டது. நேரில் போய்க் கேட்ட காலத்தில் பெயரை வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வதைக் கேட்பவரின் நாக்கு பார்த்துக்கொண்டது. இப்போது படிவத்தை எழுதும் எக்ஸெல் தாளில் ஒரு டாலர் குறி, நெளிவு அடைப்புக்குள் கேள்வியின் குறிப்பெயர், அவ்வளவுதான். கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருள் பதிலை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடும்.

வைக்கும், ஆனால் ஒட்டாது. முதல் சோதனையிலேயே "முருகன்ஐக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று திரையில் வந்தது. நீ வகுப்பில் நடத்தும் இரண்டாம் வேற்றுமைதான். முருகனை, மாலாவை, செல்வத்தை என்று யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். 'ம்' என்று முடிந்தால் 'த்தை' என்று விதி எழுதினேன். சலீம் 'சலீத்தை' ஆகிவிட்டார். மனம் கேட்கவில்லை, அழித்துவிட்டேன். 'என்பவரை' என்று சேர்த்தால் இலக்கணம் தப்பாது. ஆனால் பெற்ற மகளை "மாலா என்பவரை" என்று கேட்டால் காவல் நிலைய விசாரணை போல இருக்கிறது. "மாலா எப்போது வந்தார்?" என்று திருப்பினால் கேள்வியே வேறாகிவிடுகிறது. அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம் அல்லவா? கடைசியில் பெயரைத் தலைப்பாகத் தனியே நிறுத்தி, கீழே "நேரில் கடைசியாகப் பார்த்தது எப்போது?" என்று போட்டேன்.

ஒருவர் "என் மூத்த மகள்" என்று எழுதினார். அடுத்த திரை அவரிடமே "என் மூத்த மகள் எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டது. அதனால் "பெயர் அல்லது செல்லப் பெயர் மட்டும்" என்று குறிப்புச் சேர்த்தேன். கட்டம் காலியாக இருந்தால் அதன் கேள்விகள் வராதபடியும் செய்துவிட்டேன். ஆய்வு முடிந்ததும் பெயர்களை நீக்கி எண் மட்டும் வைத்துக்கொள்வோம்.

போன வாரம் ஒரு பாட்டி கணவர் பெயரை வாயால் சொல்ல மறுத்துவிட்டார். எவ்வளவோ கேட்டும் "அவர்" என்றுதான் சொன்னார். அப்படியே தட்டினேன். அடுத்த திரையில் மேலே "அவர்", கீழே கேள்வி. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "காலையில் காப்பி கொடுக்கும்போது" என்றார்.

முழுப் படிவத்தையும் இதனுடன் அனுப்புகிறேன். விடுமுறையில் உன் மாமியாரை உட்காரவைத்து ஒருமுறை கேட்டுப் பார்க்கிறாயா? எந்தக் கேள்வியில் தயங்குகிறார் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் விடுதித் தோழி