பெயரை மறைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள்

ஆடியோ கடை உரிமையாளர்களுக்கும், மியூசிக் பிளேயர் மென்பொருள்களுக்கு விமர்சனம் செய்யும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பவர்களிடம் நீங்கள் என்ன சொல்லி வருகிறீர்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இலவச பிளேயரில் குரல் தட்டையாக இருக்கும், காசு கொடுத்து வாங்குவதில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்து நாதம், தனியாகத் தெரியும் என்கிறீர்கள். ஃபைல் அதேதான், டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி கருவி அதேதான், ஸ்பீக்கரும் அதேதான். பிளேயரை மாற்றினால் போதுமாம். பல வருடங்களாக இதைக் கேட்டும் பேசாமல் இருந்தேன். இப்போது எழுத வைத்தது என் பெரியப்பாவுக்கு நடந்தது.

அவர் ஆயுசெல்லாம் கச்சேரி கேட்டவர். தம்புரா கொஞ்சம் இறங்கினாலும் முகத்தைச் சுளிப்பார். உங்களில் ஒருவர் கடையில் இரண்டு பிளேயர்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியிருக்கிறார். வித்தியாசம் அவருக்கும் தெரிந்தது. ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு வந்தார். ஆனால் வீட்டில் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டும் பழையதும் புதியதும் ஒன்று போலவே இருந்தன. கடைக்குப் போன் செய்தார். "காது பழகினவங்களுக்குத் தெரியும் சார்" என்று பதில் வந்தது.

அந்த ஒரு வரி அவரைப் படுத்திய பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். பாட்டைப் பாதியில் நிறுத்துவார், திரும்பப் போடுவார், பேத்தியைக் கூப்பிட்டு "உனக்குத் தெரியுதாம்மா?" என்று கேட்பார். காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்துக்கொண்டார். வயதுக்கு நன்றாகவே கேட்கிறது என்று டாக்டர் சொல்லியும் மனசு ஆறவில்லை. கச்சேரிக்குக் கூப்பிட்டால், "எனக்கு இனிமே என்னடா தெரியப்போகுது" என்று உட்கார்ந்துவிட்டார். சந்தாப் பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. தன் காதையே நம்பாதபடி அவரை ஆக்கிவிட்டீர்களே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொன்னேன். இலவச பிளேயரில் ரீப்ளேகெயின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் சமப்படுத்தும் வசதி அது. சத்தமாகப் பதிவான பாட்டைப் பல டெசிபல் குறைத்துத்தான் போடும். சந்தா பிளேயரில் அப்படி எதுவும் இல்லை, முழுச் சத்தத்தில் ஓடியது. இரண்டையும் சமப்படுத்தியதும் பெரியப்பாவுக்கு மட்டுமல்ல, காட்டியவருக்கும் வித்தியாசம் என்று எதையும் சொல்ல வரவில்லை. திரையை மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன். "இது என்ன பரீட்சையா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு டெசிபலுக்கும் குறைவான வித்தியாசத்தைக்கூட நம் காது பல சமயம் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். இது ஆடியோ தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்துகொண்டே சமப்படுத்தாமல் போட்டுக் காட்டுவது, தராசின் ஒரு தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைப்பது போலத்தான். ஆகவே நான் கேட்பது இதுதான்: இரண்டு பிளேயர்களின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள், பெயரை மறையுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள்.

தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கி வைக்கும் ஃபிளாக் ஃபைலை எடுத்துக்கொள்வோம். மூல ஒலியின் கைரேகை மாதிரியான எம்டி5 கணக்கு அந்த ஃபைலின் தொடக்கப் பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். எந்த மென்பொருள் விரித்தாலும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். ஒத்துப்போனால் ஒரு பிட்கூட மாறவில்லை என்று அர்த்தம். இதில் எந்த பிளேயர் மிருதங்கத்தின் தொப்பியைக் கூடுதலாகத் தர முடியும்? பாட்டு முழுவதையும் மெமரியில் ஏற்றி வாசிப்பதால் இனிமை கூடும் என்றும் சொல்கிறீர்கள். எல்லா பிளேயரும் மெமரியில் வைத்துத்தான் அனுப்புகிறது. அசிங்க்ரனஸ் யூஎஸ்பி டிஏசி தன்னுடைய கடிகாரத்தை வைத்து, தனக்கு வேண்டிய வேகத்தில் தரவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால் பாட்டு முழுவதையும் மெமரியில் ஏற்றி வைத்தாலும் இனிமை கூட வழியில்லை.

பிளேயர்களுக்குள் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் எல்லாச் சத்தங்களையும் ஒன்றாகக் கலக்கும் விண்டோஸின் மிக்ஸர் வழியாகப் போனால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு 48-க்கு மாற்றப்படலாம், நோட்டிஃபிகேஷன் சத்தமும் சேர்ந்து கலக்கும். மிக்ஸரைத் தவிர்த்து நேராக டிஏசிக்கு அனுப்பும் வசாப்பி எக்ஸ்குளூசிவ் முறையில் போட்டால் இது நடக்காது. அந்த வசதி ஃபூபார்2000 மாதிரி இலவச பிளேயரிலும் இருக்கிறது. ஈக்வலைசர், சரவுண்ட் எஃபெக்ட் எதையாவது போட்டு வைத்திருந்தால் ஒலி மாறத்தான் செய்யும். எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது டிராக்குகளுக்கு நடுவே வரும் இடைவெளி. கச்சேரிப் பதிவில் கிருதி ஒரு டிராக்காகவும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் அடுத்த டிராக்காகவும் இருக்கும். இடைவெளி விடாமல் தொடர்ந்து வாசிக்கும் கேப்லெஸ் வசதி சரியாக வராத பிளேயர் அந்த இடத்தில் ஒரு நொடி தடுக்கும், தாளமே அறுந்துவிடும். காசு கேட்கிறவர்கள் இந்த மாதிரி விஷயத்தைக் காட்டிக் கேட்கலாமே. ராகம், தாளம், வாக்கேயக்காரர் என்று பிரித்துத் தேட வழி செய்தால் நானே முதல் ஆளாகப் பணம் கட்டுவேன். இன்றைக்கும் கீர்த்தனை இயற்றியவரையும் பாடியவரையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பும் மென்பொருள்களோடுதான் மல்லுக்கட்டுகிறோம். அதைப் பற்றி ஒரு விமர்சனத்திலும் ஒரு வரி இல்லை. யூஎஸ்பி கேபிளை மாற்றியதும் வயலின் உருகியது என்று மட்டும் பக்கம் பக்கமாக வருகிறது.

ஃபூபார்2000-ஐ உருவாக்கியவரே, மற்ற பிளேயரைவிட இது நன்றாக ஒலிக்காது என்று தன் கேள்வி பதிலில் எழுதி வைத்திருக்கிறார். விற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது, சரி. உங்கள் காதில் உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது என்றால் அதை நிரூபிக்க வழியும் இருக்கிறது. இரண்டு பிளேயர்களின் வெளியீட்டையும் பதிவு செய்து, சத்தத்தைச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று பெயர் தெரியாமல் காதால் மட்டும் கண்டுபிடிக்கும் ஏபிஎக்ஸ் சோதனையில் போடுங்கள். 16 சுற்றில் குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றுக்கு 4 வாய்ப்புதான். உங்களில் யாராவது அதைச் செய்து காட்டினால், நான் எழுதியது தவறு என்று உங்கள் கடை வாசலிலேயே சொல்கிறேன்.

நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நல்ல ஸ்பீக்கரை எங்கே வைத்தால் அறையில் அதிர்வு குறையும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஒரு கடைக்காரர்தான். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். சத்தத்தைச் சமப்படுத்தாமல், பெயரை மறைக்காமல் எந்த பிளேயரையும் இனி ஒப்பிட்டுக் காட்டாதீர்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் எந்த செட்டிங்ஸில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளர் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால், அவர் காதைக் குறை சொல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பெரியப்பாவிடம் அப்படிப் பேசியவர் இதைப் படித்தால், தயவுசெய்து அவருக்கு ஒரு போன் செய்து, "உங்க காதுல ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

இப்படிக்கு,
பாட்டுக் கேட்கும் ஒரு வாடிக்கையாளர்