வேரைப் பார்த்துத் தண்ணி ஊத்து, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சுகம். உங்கம்மாவுக்கு முட்டிவலி, தைப்பனிக்கு எப்பவும் வர்றதுதான், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வீடியோவுல அந்த ஆர்க்கிட் தொட்டியைக் காட்டி, "செத்துருச்சாப்பா"ன்னு கேட்டே. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள உங்கம்மா செம்மண்ணுன்னா, தொழுவுரம்னா, வெடியால வெடியால ஒரு சொம்புத் தண்ணின்னா. அவ சொன்னதுல ஒண்ணைக்கூடச் செஞ்சுராதே. செய்யலைன்னு அவகிட்டச் சொல்லவும் சொல்லாதே.

செடி சாகல. அது ஃபெலனாப்சிஸ்ங்கற ஜாதி ஆர்க்கிட், பூத்தா ரெண்டு மூணு மாசம் நிக்கும், அப்பறம் ஒவ்வொண்ணா வாடிக் கொட்டும். அது காலம் முடிஞ்சு கொட்டறது. புதுவீட்டுக்கு வந்தப்ப உன்ற ஆபீஸ்காரங்க குடுத்ததுன்னு சொன்னே. அந்த ஊர்ல பாதிப்பேரு பூ முடிஞ்சதும் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்களாம், நம்ம தேங்கா நார் மில்லுக்கு வர்ற வியாபாரி ஒருத்தரு சொன்னாரு. பாலைக் கறந்துட்டு மாட்டைத் தொரத்தி விடற கதைதான் அது. நீ அப்படிப் பண்ணாதே. இலை நாலஞ்சு கெட்டியா, பச்சையா இருக்குதே, அது போதும்.

ஆனா மொட்டே விரியாம மஞ்சளாகி உழுகுதுன்னியே, அது வேற சங்கதி. தொட்டிக்குப் பக்கத்துல பழத்தட்டு இருந்துச்சு, நான் பாத்தேன். வாழைப்பழமும் ஆப்பிளும். பழம் பழுக்கறப்ப எத்திலீன்னு ஒரு வாயு வுடும். மண்டியில வாழைக்காயைப் பழுக்க வெக்கறதும் அதே வாயுவை வெச்சுத்தான். கண்ணுக்கும் தெரியாது, அந்த அளவுல மூக்குக்கும் தெரியாது, ஆர்க்கிட் மொட்டுக்கு மட்டும் ஆகவே ஆகாது. பழத்தட்டை சமையக்கட்டுக்கு மாத்திரு. கடையிலிருந்து உங்க வீட்டுக்குக் கொண்டாந்தப்ப குளுருல அடிபட்டிருந்தாலும் மொட்டு கொட்டும், ஹீட்டர் காத்து நேரா அடிச்சாலும் கொட்டும். அதுல எது காரணம்னு இப்பத் தோண்டிப் பிரயோஜனமில்ல, ஹீட்டரை விட்டு அக்கட்டால தள்ளி வெய்யி.

இப்ப முக்கியமான சமாச்சாரத்துக்கு வர்றேன். அந்த வெள்ளைப் பீங்கான் ஜாடிக்குள்ள இருந்து பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் பாரு. ஜாடிக்கு அடியில ஓட்டை இருக்காது. அழகுக்குன்னு விக்கறாங்க, ஊத்துன தண்ணி அதுக்குள்ளயே நின்னு வேரு அழுகுது. வாங்கிக் குடுத்தவங்க மேல தப்பில்ல, விக்கறவன் புத்தி அப்படி. ஜாடியில தண்ணி நின்னா கீழ ஊத்திரு. ஜாடி வேணும்னா வெச்சுக்க, ஆனா தண்ணி ஊத்தறது ஜாடிக்கு வெளியிலதான்.

உள்ள இருக்கற தொட்டி கண்ணாடியாட்டத் தெரியும். வேரு தெரியோணும்னுதான் அப்படிப் பண்றாங்க, அதுக மேல வெளிச்சமும் படோணும். வேரோட நெறத்தைப் பாரு. வெள்ளி மாதிரி சாம்பல் பூத்து இருந்தா காஞ்சிருக்குதுன்னு அர்த்தம், தண்ணி குடு. பச்சையா இருந்தா இன்னும் ஈரம் இருக்குது, கிட்டயே போகாதே. பழுப்பாகி, புடிச்சா கொழகொழன்னு இருந்தா அது அழுகுனது. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டுல தொடச்சுட்டு அதைய மட்டும் வெட்டிரு. "வாரத்துக்கு ஒருக்கா"ன்னு அட்டையில எழுதியிருப்பாங்க. அந்த அட்டைக்கு உன்ற வீட்டு ஹீட்டரும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. வேரைக் கேளு.

தண்ணி குடுக்கறது எப்படின்னா, வெடியால, பக்கெட்டுல வெதுவெதுன்னு தண்ணி புடிச்சு, பிளாஸ்டிக் தொட்டியை விளிம்புக்குக் கீழ வரைக்கும் பத்து நிமிசம் முக்கி வெய்யி. எடுத்து, தண்ணி சொட்டறது நிக்கற வரைக்கும் சிங்க்குல வெச்சுட்டு, அப்பறம் ஜாடிக்குள்ள எறக்கு. இலைக நடுவுல குருத்து இருக்குதே, அங்க மட்டும் தண்ணி நிக்கக் கூடாது. நின்னா குருத்து அழுகும், குருத்து அழுகுனா அந்தச் செடி முடிஞ்சுது, பக்கக் கன்னு வந்தாத்தான் உண்டு. தவறி உழுந்துருச்சுன்னா டிஷ்யூ பேப்பர் நுனியை உள்ள வுட்டு ஒத்தி எடுத்துரு. ஐஸ்கட்டி வெச்சாப் போதும்னு யாராவது சொன்னாக் கேக்காதே. வெப்பக் காட்டுல பொறந்த செடிக்கு எதுக்கு ஐஸ்கட்டி?

பொறந்ததுன்னதும் சொல்றேன். நீ சின்னப் புள்ளையா இருக்கறப்ப ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுவோமே, நாப்பது கொண்டை ஊசி வளைவுல உனக்கு எந்த வளைவுல வாந்தி வரும்னு பந்தயம் கட்டுவான் உன்ற அண்ணன். மேல போனா மரக்கெளையில ஒட்டிக்கிட்டு, வைகாசி ஆனியில ரோஸும் வெள்ளையுமா நீளமாத் தொங்குமே ஒரு பூ, அதுவும் ஆர்க்கிட்டுதான். மரத்தோட சத்தை உறிஞ்சிக் குடிக்கற புல்லுருவின்னு நம்மாளுக பலபேரு நெனைக்கறாங்க. குடிக்கறதில்ல. நிக்கறதுக்கு மட்டும் மரம், சாப்பாடு சொந்தச் சம்பாத்தியம்: மழைத்தண்ணி, காத்துல ஈரம், இடுக்குல மக்குன இலை. உன்ற தொட்டிச் செடியோட மூதாதைக பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா காட்டுல இப்படித்தான் மரத்து மேல இருந்துச்சுக. மழை வந்தா முழுசா நனையும், மழை விட்டாக் காத்துல காஞ்சிரும். வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு தோல் இருக்கும், கெடைக்கற தண்ணியை அது சட்டுனு உறிஞ்சி வெச்சுக்கும். நனையறதும் காயறதும் மாறி மாறி வேணும் அதுக்கு. உங்கம்மா சொல்ற செம்மண்ணுல வெச்சா மூச்சு முட்டிப் போயிரும். தொட்டிக்கு வெளிய வளைஞ்சுக்கிட்டு நிக்குதே ரெண்டு மூணு வேரு, அதைய உள்ள திணிக்காதே, வெட்டாதே. அது காத்துக்கு வந்த வேரு.

மண்ணு இல்லன்னா உள்ள என்ன இருக்குதுன்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. செவப்பும் கருப்புமா, சில்லுச் சில்லா இருந்தா பைன் மரப்பட்டை. சதுரமா, வெளிர் பழுப்பா, ஓரத்துல நாரு பிசிறு தெரிஞ்சா தேங்கா மட்டை. மட்டையா இருந்தா அது நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து போனதா இருக்கலாம். நம்ம மில்லுதான்னு நான் சொல்லல, ஊருக்கு ஊரு நார் மில்லு இருக்குது. நான் தொழிலுக்கு வந்த காலத்துல நாரை எடுத்துட்டு மிச்சக் கழிவை ரோட்டோரம் குமிச்சு வெச்சிருப்போம், கேக்க நாதியில்ல. இன்னிக்கு அதைத்தான் கட்டியா அமுக்கி தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்பறோம். ஆர்க்கிட்டுக்குப் போறது கழிவு இல்ல, மட்டையையே அரை அங்குலம் அளவுக்கு வெட்டற துண்டு, சிப்ஸுன்னு சொல்றது. சும்மா வெட்டி அனுப்ப முடியாது. மட்டையில உப்பு இருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைச்ச தண்ணியில ஊறவெச்சு, சோடியமும் பொட்டாசியமும் எறங்குன பொறகு நல்ல தண்ணியில அலசி, மீட்டரை வுட்டு ஈசி, அதாவது உப்பு எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டுத்தான் காயப்போடறது. நம்ம களத்துல நீ சைக்கிள் ஓட்டிப் பழகுனது அந்தத் துண்டுக மேலதான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இந்தத் துண்டு மக்கித் தூளாயிரும், அப்ப காத்து போகாது. அந்தச் சமயத்துல, பூ முடிஞ்சதும், புதுசு மாத்தோணும். அங்கயே கடையில பாக்கெட்டு விக்கும். நான் பார்சல் அனுப்பறேன்னு நெனைக்காதே, ஏர்போர்ட்டுல உன்னைத்தான் நிறுத்திக் கேப்பாங்க.

உரத்துக்கு உங்கம்மா பஞ்சகவ்யத்துல நிக்கறா. கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்துனது, நம்ம வாழைக்கு நூறு லிட்டர் தண்ணிக்கு மூணு லிட்டர் கலந்து அடிச்சு நல்லாத்தான் வந்துச்சு, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா சாணமும் கோமியமும் ஊறுன வாசம் உங்க அபார்ட்மென்டுல அடிச்சா மேல் வீட்டுக்காரன் போலீசைக் கூப்புடுவான். 20-20-20ன்னு போட்ட உரம் வாங்கி, பாக்கெட்டுல சொன்ன அளவுல கால்வாசி போதும், அதுவும் புது இலையோ வேரோ வர்ற காலத்துல மட்டும். இப்ப குளுருக்கு ஒண்ணும் வேண்டாம்.

வெளிச்சம் சொல்லோணும். இங்கயா இருந்தா கெழக்கு வாசல் திண்ணையைத் தவுர வேற எங்கயும் வெக்க வேண்டாம்னு சொல்லியிருப்பேன், பங்குனி வெயிலு ரெண்டே நாள்ல இலையைச் சுட்டுரும். அங்க இப்பப் பகல் எட்டு மணி நேரந்தான், வெயிலுக்கும் வலுவில்ல. அதனால தெக்குப் பாத்த ஜன்னல்லயே வெய்யி. இலை கண்ணாடியில ஒட்டாமப் பாத்துக்க, ராத்திரி கண்ணாடி சில்லுன்னு ஆகும். வெயிலு ஏற ஆரம்பிச்சதும் கெழக்கு ஜன்னலுக்கு மாத்திரு. இலை கரும்பச்சையா ஆச்சுன்னா வெளிச்சம் பத்தல, செவப்பேறுச்சுன்னா அதிகம்.

இன்னொண்ணு, சொன்னா வருத்தப்படுவியோன்னு யோசிச்சேன். அந்த நீலக் கலரு, ஆஹா என்ன கலருன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கறா, அது சாயம். அவ்வளவு அடிச்ச நீலத்துல அந்த ஜாதி ஆர்க்கிட் பூக்கறதில்ல. வெள்ளைப் பூச் செடியில தண்டு வழியா நீலச் சாயத்தை ஏத்தி விக்கறாங்க. பூத்தண்டோட அடிப்பக்கம் தடவிப் பாரு, ஒரு சின்னத் துளையும் அதைய அடைச்ச தடயமும் இருக்கும். அடுத்த தடவை வெள்ளையாத்தான் பூக்கும். சாயம்னாலே எனக்குத் திருப்பூர்ச் சாயத்தண்ணி கலந்த நொய்யல் ஆறுதான் ஞாபகத்துக்கு வருது, பூவுக்குமா போடோணும்? ஆனாச் செடி ஒறுதியான செடி, அதுமேல கோவிச்சுக்க வேண்டாம். வெள்ளையே எனக்குப் பிடிக்கும்.

மறுபடி பூக்க வெக்கறது கஷ்டமில்ல, பொறுமைதான் வேணும். தண்டு பச்சையா இருந்தா கீழிருந்து மூணாவது கணுவுக்கு ஒரு விரக்கடை மேல வெட்டுனா அதுலருந்தே ஒரு கெளை வந்து பூக்கறது உண்டு. காஞ்சு பழுப்பாயிருச்சுன்னா அடியோட வெட்டிரு. உன்ற செடி சாயம் ஏத்தி, மொட்டு கொட்டி, அடிபட்டு வந்திருக்குது. அதனால பச்சையா இருந்தாலும் அடியோட வெட்டிட்டு இலை வளர வுடறதுதான் எனக்குச் சரின்னு படுது. ஐப்பசி வாக்குல, ராத்திரி பதினாறு பதினெட்டு டிகிரி இருக்கற ஜன்னலோரத்துல ஒரு மாசம் வெய்யி. அந்தக் குளுருதான் அதுக்குப் பூக்கச் சொல்ற தாக்கல். உங்க ஊருப் பண்ணைகள்ல இதையேதான் பண்றாங்க: சூடான கண்ணாடிக் கூடத்துல வளத்தி, அப்பறம் சூட்டைக் கொறைச்சா தண்டு வந்துரும். இலை இடுக்குல இருந்து கட்டை விரல் மாதிரி ஒண்ணு மேல பாத்து வந்தா பூத்தண்டு, நுனி வழுவழுன்னு கீழ பாத்து வந்தா வேரு. தண்டு வந்து பூ விரிய ரெண்டரை மூணு மாசம் ஆகும். நடுவுல தொட்டியைத் திருப்பித் திருப்பி வெக்காதே, தண்டு முறுக்கிக்கும்.

இலை இடுக்குலயும் அடியிலயும் வெள்ளையா மாவு மாதிரி தெரிஞ்சா மாவுப்பூச்சி. உனக்கு ஞாபகம் இருக்கும், 2008ல இந்தியாவுலயே மொதல்ல நம்ம கோயமுத்தூர்லதான் பப்பாளி மாவுப்பூச்சி கண்ணுல பட்டுச்சு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஒண்ணையும் வுடல. உடுமலை மாமன் பட்டுப்புழுத் தொழிலையே வுட்டுட்டுப் போறேன்னு உக்காந்துட்டாரு. எந்த மருந்துக்கும் அடங்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுலருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டாந்து, நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துல வளத்தித் தோட்டம் தோட்டமா வுட்டாங்க. கடுகை விடச் சின்னது, அதுதான் அடக்குச்சு. உன்ற செடிக்கு வர்றது அந்தப் பூச்சியோட ஒறம்பரை, அவ்வளவு பொல்லாதது இல்ல. பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொடச்சு எடு, வாரம் கழிச்சு மறுபடி பாரு, ஒருக்காவுல போகாது.

சனிக்கிழமை லீவுதானே. ஜாடியில தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு, வேரை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. தண்டை அடியிலருந்து நுனி வரைக்கும் ஒரு போட்டோ. எங்க வெட்டறதுன்னு கோடு போட்டுத் திருப்பி அனுப்பறேன், அதுக்கு முன்னாடி கத்திரியை எடுக்காதே. தை அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல கொடியேத்தம், நாங்க போயிருவோம், கூட்டத்துல போன் கேக்காது. பொழுதோட கூப்புடு. அம்மா பக்கத்துல இருந்தா, செம்மண்ணு போட்டாச்சுன்னு சொல்லிரு.

இப்படிக்கு,
அப்பா