பாத்திரம் கேட்கப் போனவள்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறாய். கேட்க நினைத்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுபோகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, பார்.

போன வாரம் சின்னவள் போனை எடுத்து ஏதேதோ பேசினாள். பள்ளிக்கூடத்துக்கு இப்போது தினமும் அப்பாதான் கூட்டிக்கொண்டு போகிறாராம். மத்தியானம் வந்தால் அப்பா வீட்டிலேயே இருக்கிறாராம். குழந்தைப் பேச்சு, நானும் மேலே ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. நீ லீவு போட்டிருப்பாய். நல்லதுதான், உடம்புக்கு ஓய்வு வேண்டும்.

சொல்ல வந்தது வேறு. நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏணியை எடுக்கப் போனார். நான் அவரோடு வாதாடவில்லை, கதவைத் திறந்து எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுவிட்டேன். அவன் பார்த்துவிட்டு கண்டென்சர் போயிருக்கிறது என்றான். தானே போய் வாங்கி வந்து மாட்டியும் கொடுத்தான். அதுவரைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். அப்பாவுக்குக் கோபம். "ஜெபம் பண்ணிவிட்டு மெக்கானிக் வரும்வரை பொறுத்திருக்கலாம், தெருவையே கூப்பிட வேண்டுமா?" என்றார். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன் என்றேன். அப்புறம் சாயங்காலம் வரை பேச்சில்லை. உனக்குத் தெரியாததா அவர் பிடிவாதம்? நீயும் அவர் பிள்ளைதானே.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம் வந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை, வரிசைப்படி வந்ததுதான். கடன்காரன் வந்து இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் பார்க்கிறான், அந்த விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாள். வீட்டில் ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்கிறாள். எத்தனையோ முறை வாசித்த பகுதி. எண்ணெய் பெருகியதையே பெரிதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எனக்கு இந்தத் தடவை அதற்கு முன்னால் உள்ளதில் கண் நின்றது. அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார் எலிசா. அவள் வாசல் வாசலாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கடன்காரன் வந்து போனது தெருவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இத்தனை பாத்திரம் எதற்கு என்று யாராவது கேட்டிருக்க மாட்டார்களா? என்ன பதில் சொன்னாள் என்று வேதத்தில் இல்லை. பாத்திரங்களை வாங்கி வந்த பிறகுதான் கதவைச் சாத்தினாள். வேறு பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னதும் எண்ணெய் நின்றுபோயிற்று. கூச்சப்பட்டு ஒரே ஒரு வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். கர்த்தர் நினைத்திருந்தால் பாத்திரத்தையும் அவரே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, அக்கம்பக்கத்தில் போய்க் கேட்கவைத்தார்.

ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிப் பரிசு வாங்கியவன் நீ, எனக்கே பாடம் எடுப்பாய். அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்று கலாத்தியர் 6:5-ஐ நீட்டுவாய், அப்பாவும் அதைத்தான் நீட்டுவார். மூன்று வசனம் மேலே போய் 6:2-ஐயும் வாசி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருப்பதும் அதே பவுல்தான். அத்தனை சபைகளுக்குப் புத்தி சொன்னவர், காவலில் இருக்கும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். எழுத வெட்கப்படவில்லை.

அந்த ராத்திரி மாடிவீட்டுத் தாத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் நீ. பாட்டி இன்றைக்கும் "உன் பிள்ளை எப்படி இருக்கான்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? அப்படிப்பட்ட பிள்ளை, தனக்கென்று வந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். போன வருஷம் காய்ச்சலில் கிடந்ததைக்கூட நாங்கள் மருமகளின் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தாயா? சரி, அதை விடு.

மேல்மாடியில் ஒரு அக்கா இருப்பதாக மருமகள் சொன்னாளே, அவர்களோடு பேசுகிறீர்களா? பேசு. சின்னவளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்வதில் தப்பில்லை. எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் மூலைவீட்டில் ஒரு ஊசி கேட்டால்கூட அது ஒரு மாசத்துக்குக் கதையாகும். ஆள் பார்த்துக் கேள். ஆனால் கேள்.

ஆலயத்துக்குப் போகிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. போனால் ஆசீர்வாதம் சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதே. வாசலில் கொஞ்ச நேரம் நில். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். உனக்காக இல்லாவிட்டாலும், உனக்குத் தெரிந்த யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்.

மருமகளிடமாவது மனம்விட்டுப் பேசு. வேளைக்குச் சாப்பிடு. மேல்மாடி அக்காவிடம் பேசு.

அப்பாவுடைய டெபாசிட் ஒன்று முதிர்ந்து வந்திருக்கிறது. எங்களுக்கு இப்போது அதில் ஒரு தேவையும் இல்லை. உன் கணக்கில் போட்டு வைக்கலாமா என்று நான் கேட்டேன், அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன், எதற்கு என்றும் கேட்கவில்லை. போன தடவை அனுப்பியதைப் போலத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. இல்லையென்றால் சும்மா இரு, திங்கட்கிழமை பாங்குக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
அம்மா