அந்த ஈர நிலத்தைச் சீமெந்து போட்டு மூடாதீர்கள்: வெள்ளவத்தைத் தொடர்மாடி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டடத்துக்கும் பின் மதிலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒடுங்கிய நிலத்துண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏசித் தண்ணீர் சொட்டுவதும் மொட்டைமாடிக் குழாய் வந்து கொட்டுவதும் அங்கேதான் என்பதால் அது காய்வதே இல்லை, அங்கே குரோட்டன் வைத்தால் வேர் அழுகும், அழகுக்கென்று காசு கொடுத்து வாங்கிய ஆபிரிக்கப் புல்லும் அழுகும், அப்புறம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இன்டர்லொக் கல் போட்டு மூடிவிடுவோம்" என்பார், எல்லாரும் தலையாட்டுவோம்.

தயவுசெய்து தலையாட்டாதீர்கள். கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாம் மூடுகிற ஒவ்வொரு துண்டிலும் ஊறவேண்டிய தண்ணீர் கானுக்கும், அங்கிருந்து வெள்ளவத்தைக் கால்வாய்க்கும்தான் போகும். 2010 நவம்பரில் ஒரே இரவு மழைக்குப் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றதை மறந்துவிட்டோமா? 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் அமைப்பு ஈரநில நகரம் என்று முதன்முதலாக அங்கீகரித்த 18 நகரங்களில் நம்முடையதும் ஒன்று. நமக்கு ஈர மண் ஒரு குறையே இல்லை.

வெட்டிவேர் வையுங்கள். நேர்சரியில் சிங்களத்தில் சவந்தரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெயில் மட்டும் நன்றாக விழவேண்டும், நிழலில் அது தேறாது. தூரைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக நட்டால் ஆளுயரத்துக்குக் கிட்ட அடர்ந்து வளரும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே பல அடி இறங்குவதால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சில நாள் தண்ணீர் தேங்கி நின்றாலும் தாங்கும், பங்குனி வெயிலிலும் சாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசி மழைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் போதும். இன்னும் தாழ்வாக, எந்நேரமும் சேறாக இருக்கிற மூலைக்குப் பாய் இழைக்கிற கோரை நன்றாக இருக்கும்.

சம்பும் நாணலும் பார்க்க எனக்கு எவ்வளவோ பிடிக்கும், ஆனால் இரண்டுமே மண்ணுக்கடியில் கிழங்குவேர் விட்டுப் பரவுகிறவை. பெத்தகானச் சதுப்பில் இருக்கட்டும், பத்தடி அகலத்தில் வேண்டாம். இலுக்குப் புல்லும் அப்படித்தான்.

சரி, நுளம்பு? டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், அதுவும் தேங்கிய தண்ணீரில். மழை ஓய்ந்து ஓரிரு நாளில் ஊறிப்போகிற மண்ணில் அது வளராது. புல்லைக் குற்றம் சொல்வதற்கு முன் மொட்டைமாடியில் கிடக்கிற யோகட் கோப்பைகளையும் அடைபட்ட பீலியையும் பாருங்கள். ஏசிக் குழாய்க்குக் கீழே குழி விழுந்திருந்தால் மண் போட்டு மேடாக்குங்கள், அது உண்மையிலேயே ஆபத்து.

நான் கேட்பது ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு முன் கல் பதிக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் ஒரு மழைக்காலம் பொறுங்கள். மதில் ஓரமாக ஒரு வரிசை நட்டுப் பாருங்கள். எங்கள் தொடர்மாடியில் தூர் நிறைய இருக்கிறது, கேட்கிற யாருக்கும் பிரித்துத் தருகிறேன், நடுவதற்கும் வருகிறேன்.