எரேமியா 29ஆம் அதிகாரம் முழுவதும்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

வரும் வெள்ளிக்கிழமை முதல் வேதபாட வகுப்பை நடத்துவதாகப் போதகரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் செய்தி வேகமாகப் பரவும். வேறொருவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சபையாரும் இதை வாசிப்பார்கள். ஆகையால் அந்த வீட்டாரின் பெயரை எழுதவில்லை. எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றிரவு ரப்பர் தோட்டத்தின் அந்த லயத்து வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம், சுவரில் தொங்கிய வாக்குத்தத்தக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. தேவன் உங்கள்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11ஐ, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தீர்கள். அந்த வீட்டு அம்மா ஆறுதலாக அழத் தொடங்கிய நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்: "இது நமக்குச் சொன்னதல்ல அத்தை. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்குச் சொன்னது. அதுவும் எழுபது வருஷம் கழித்து நடக்கப்போவதை." நீங்கள் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேதாகமத்துக்குள் வைத்து மூடினீர்கள். அந்த அம்மா உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மன்னியுங்கள் அத்தை. ஆனாலும் நான் சொன்னது பொய்யல்ல. கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி ஜனங்களை நம்பவைக்கிறான். அந்த வீட்டில் நாமும் அதையே செய்துவிடுவோமோ என்று பயந்தேன்.

அந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாமல் போனதற்கு நீங்களும் ஒரு காரணம். பன்னிரண்டு வருஷம் உங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தேன். ஒரு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து காட்டவில்லை; கேட்டால், விசுவாசம் இருந்தால் கேள்வி வராது என்றீர்கள். போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் தொடக்கப் பாடமாகிய பாலையே உண்கிறார்கள் என்று எபிரெயர் 5இல் வருத்தப்படுவதை முதன்முதலில் படித்தபோது, உங்கள்மேல்தான் கோபம் வந்தது. அதே நேரத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்து, ஒட்டுப்பால் வாடை போகாத கையால் என் விரலைப் பிடித்து, அந்த வேதாகமத்தின் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் நீங்கள்தான் என்பதை என்னால் எப்படி மறக்க முடியும்?

அந்த அதிகாரத்தை முழுவதும் உட்கார்ந்து படிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. எழுபது வருஷம் என்ற 10ஆம் வசனத்தைக் கொண்டு உங்கள் 11ஆம் வசனத்தை அடைத்த நான், 5ஆம் வசனத்தைப் பார்க்கவே இல்லை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கு அன்றிரவு வாசித்திருக்க வேண்டிய வரி அதுதான். வீடிழந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தையே நீங்கள் சரியாக எடுத்திருந்தீர்கள். பாதி படித்துவிட்டுப் பேசியவள் நான்.

போன மாதம் அந்த அம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். பேசியதை இங்கே எழுதுவது முறையல்ல. வாசலில் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறார்.

எபிரெயரில் தொடங்கலாம் என்றார் போதகர். எரேமியா 29ஐக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இரவு 8 மணிக்கு வந்துவிடுங்கள். நீங்கள்தான் வாசிக்க வேண்டும், முதல் வசனத்திலிருந்து.

உங்கள் மருமகள்