பெரிய மூப்பர் வீட்டுக்காகச் சபையாருக்கும் வெளியூர்ச் சொந்தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

நம் சபையின் பெரிய மூப்பர் குடியிருந்த வீட்டைப் பழுது பார்க்கவும், அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகளையும் சபையின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும் பத்திரப்படுத்தவும் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. வாரிசுகள் எல்லாரும் ஒருமனப்பட்டு, முன்னறையையும் திண்ணையையும் சபைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனிச் செய்யவேண்டியது நாம்தான். போன மழையில் மேற்குச் சுவர் சரிந்துவிட்டது. கூரையைத் தாங்கும் பனங்கைகள் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கின்றன, ஓடுதான் போய்விட்டது. வருகிற இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் கூரை ஏறியாக வேண்டும்.

இளையவர்களில் பலர் “பெரிய மூப்பர் யார்?” என்று கேட்கிறார்கள். அவர் ஐயரும் (போதகர்) அல்ல, உபதேசியாரும் (ஊர்ச் சபையைக் கவனிக்கும் சம்பள ஊழியர்) அல்ல. சபையில் ஒரு சல்லி சம்பளம் வாங்காதவர். பனையேறி.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபை வரலாற்றை மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்திலிருந்து சொல்வது வழக்கம். 1806ல் லண்டன் மிஷனின் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததும், 1809ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியதும் எல்லாருக்கும் தெரியும். 1816ல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு, 1818ல் அடுத்த மிஷனரி மீட் ஐயர் நாகர்கோவில் வந்து சேரும்வரை சபைகளைக் கட்டிக் காத்தவர் வேதமாணிக்கம்தான் என்பதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். வெள்ளைக்கார ஐயர் இல்லாத நாளிலும் கோயில் மணி அடித்ததென்றால், அடித்தவர்கள் உள்ளூர் ஆட்கள். ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் இருந்தார். நெய்யூருக்கு நடந்துபோகும் தூரத்திலுள்ள நம் ஊரில் அவர் பெரிய மூப்பர்.

பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது லேசான காரியம் அல்ல. பதநீர் ஊறும் பாளையை (பனம்பூக்குலை) தினமும் சீவவேண்டும். ஒரு நாள் விட்டால் ஊறுவது குறையும், தொடர்ந்து விட்டால் அந்தப் பாளை அதோடு சரி. ஓய்வுநாளில் வேலை கூடாது என்பது மிஷன் கட்டளை. பாளைக்கு அந்தக் கட்டளை தெரியாது. பெரிய மூப்பர் இதற்கு ஒரு வழி கண்டார். ஞாயிறன்று கோழி கூவுமுன் தன் பனைகளை முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி முதல் மணி அடிப்பார். மற்றப் பனையேறிகளையும் அதே நேரத்துக்கு எழுப்பி அனுப்பிவிடுவார். அதன்பின் வராதவன் வீட்டு முற்றத்தில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உபதேசியார்கள் மாறி மாறி வந்தார்கள், போனார்கள். கோயில் சாவி மட்டும் இந்த வீட்டு உத்தரத்தில்தான் தொங்கியது. கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன் இரு வீட்டாரையும் விசாரிப்பதும், பேதி கண்டு செத்த வீட்டில் மற்றவர்கள் ஒதுங்கி நின்றபோது குழி வெட்டியதும் அவர்தான்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். ஊரார் அவரை ஆச்சி என்றே அழைத்தார்கள். இறக்கிய அக்கானியை (பதநீர்) காய்ச்சுவது, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது, சந்தைக்குச் சுமப்பது எல்லாம் ஆச்சி வேலை. விறகு பொறுக்கவே அரைநாள் போகும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்று நாள் கழித்த காலத்திலும், உலையில் அரிசி போட்ட நாளெல்லாம் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்தார். அந்தப் பிடி அரிசிப் பழக்கத்தை நம் சபையில் வீடு வீடாகப் போய் நிலைநிறுத்தியவர் அவர். சனிக்கிழமை கடவத்தோடு (ஓலைப்பெட்டி) வந்து வாங்கிப் போவார். விற்ற பணம் உபதேசியார் சம்பளத்துக்கும் கோயில் மேய ஓலைக்கும் போனது. ஆச்சியின் மாமியார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலவரத்தைச் சிறுபிள்ளையாகக் கண்ணால் கண்டவர். 1859ல் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு ராஜ விளம்பரம் வந்த கதையை அந்தத் திண்ணையில் இருந்துதான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

இவையெல்லாம் வாய்க் கதை மட்டும் அல்ல. நோட்டுகள் சாட்சி. தேதி எல்லாம் கொல்லம் ஆண்டில், சிங்கம், கன்னி, துலாம் என்று மாதக் கணக்கு. பணம் சக்கரத்திலும் காசிலும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். பிடி அரிசி விற்ற வகை, விளக்குக்கு எண்ணெய் வகை, விதவை வீட்டுக்குக் கொடுத்த வகை என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். கடைசி நோட்டில் சக்கரம் மறைந்து அணா வருகிறது. திருவிதாங்கூர் ராஜ்யமே முடிந்துபோனது அந்தப் பக்கங்களில் தெரிகிறது. கரையான் இரண்டு நோட்டை ஏற்கெனவே தின்றுவிட்டது.

பிள்ளைகள் பல திசைக்குப் போனார்கள். மூத்தவர் நாகர்கோவிலில் படித்து வாத்தியார் ஆனார். பெண்மக்கள் ரேந்தை (லேஸ்) பின்னிச் சம்பாதித்த பணத்தில்தான் தம்பிமார் படித்தார்கள். இதை அந்தக் குடும்பத்தாரே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள், நாங்களும் சந்தோஷமாக எழுதுகிறோம். ஒருவர் இலங்கைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போனவர். இன்னொருவருக்கு வயிற்றுப்புண். எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் அது. அங்கே ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்தவர் வழியில்தான் இன்று ஊரிலுள்ள நான்கு வீட்டார். மற்றவர்கள் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். சிலர் சால்வேஷன் ஆர்மியில், சிலர் பெந்தெகொஸ்தே சபைகளில். எல்லாருக்கும் இது பாட்டா (தாத்தா) வீடு.

வீட்டை இடித்துவிட்டு அவர் பெயரில் கான்கிரீட் மண்டபம் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னார்கள். ஆனால் மண்டபம் எந்த ஊரிலும் கட்டலாம், ஜெபக்கூட்டம் நடந்த அந்த முன்னறையைத் திரும்பக் கட்ட முடியாது என்பதால் கமிட்டி அதை ஏற்கவில்லை. மண்சுவரை மண்ணாலேயே திருத்தத் தெரிந்த கொத்தனார் கிடைத்திருக்கிறார்.

சுவருக்கும் கூரைக்கும் சேர்த்து 6 லட்சம் ரூபாய் ஆகும் என்று கொத்தனாரும் ஆசாரியும் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டுகளையும் பதிவேடுகளையும் படமெடுத்து, பூச்சி அரிக்காத பெட்டியில் வைக்க 80 ஆயிரம். ஊரிலுள்ள குடும்பங்கள் தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய் என்று ஏற்றிருக்கிறோம். முடியாதவர்கள் ஒருநாள் உடலுழைப்புத் தந்தால் போதும், அதுவும் நோட்டில் ஏறும். வெளியூரில் இருப்பவர்கள் உங்களால் இயன்றதைத் தாருங்கள். ஓடு, மரம், சுண்ணாம்பு என்று பொருளாகவும் தரலாம். யாரிடமும் கட்டாயம் இல்லை, வேறு சபையில் இருப்பவர் என்று யாரையும் ஒதுக்கவும் இல்லை.

பணத்தைச் சபைப் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் யாரும் வசூலிக்க வரமாட்டார்கள். பழைய போட்டோ, கடிதம், கல்யாணப் பத்திரிகை எதுவும் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் கொண்டுவாருங்கள், படமெடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம். எண்பது வயது தாண்டியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள். வரவு செலவு முழுவதும் அறுப்பின் பண்டிகை அன்று, ஏலம் தொடங்குமுன், சபையார் முன்னிலையில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
பெரிய மூப்பர் வீடு பராமரிப்புக் கமிட்டியார்